இன்ஸ்பெக்டருக்கு விளங்காத பதில்

ரோவில், மெல்பேர்ண்
14 மே 1975

அன்புள்ள அண்ணா,

கையெழுத்தைக் கண்டவுடன் மூடி வைத்துவிடாதீர்கள். பழைய கதை பேச நான் இதை எழுதவில்லை. உங்களைத் தவிர வேறு ஒருவரிடமும் கேட்க முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்த வீட்டுக்கு இன்னும் ஃபோன் வரவில்லை. வந்திருந்தாலும் என் குரலைக் கேட்டதும் நீங்கள் வைத்துவிடுவீர்கள் என்று பயம். அதனால் கடிதம்.

போன மாதம் உடுப்புக் காயப்போடப் போய்ப் பின்படியில் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள் இப்போது கட்டோடு கதிரையில் இருக்கிறேன். பீட்டர் வேலைக்குப் போனபின் வீட்டில் நானும் ரெலிவிஷனும்தான். பின்வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் மேய்கின்றன. அவற்றுடன் எவ்வளவு நேரம் பேசுவது?

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு பழைய இங்கிலிஷ் படம் போட்டார்கள். உங்களுக்குப் பிடித்த வகைப் படம்தான். கறுப்பு வெள்ளை, மழை, பனிப்புகார், குண்டு விழுந்து இடிந்த வீடுகள், சண்டையிலிருந்து திரும்பிவந்து கள்ளக் கடத்தலில் இறங்கிய ஒரு முன்னாள் சிப்பாய், தொப்பியைக் கழற்றாத ஒரு இன்ஸ்பெக்டர். துறைமுகத்தில் ஒருவனைக் கொலை செய்துவிடுகிறார்கள். இன்ஸ்பெக்டர் கப்பற்காரர் தங்குகிற ஒரு விடுதிக்குப் போய் விசாரிக்கிறார். அங்கே குசினியில் மெலிந்த கறுத்த மனிதர் ஒருவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறார். இன்ஸ்பெக்டர் அவரிடம் ஏதோ கேட்கிறார். அவர் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்கிறார்.

அண்ணா, அவர் தமிழில் பதில் சொன்னார். எங்கள் ஊர்த் தமிழில்.

கேத்தில் கூவிக்கொண்டிருந்ததால் எல்லாம் கேட்கவில்லை. “கப்பல்தான் தாண்டது, நான் தாழேல்லை” என்பது மட்டும் நன்றாகக் கேட்டது. ஒரு பெண்ணின் பெயரும் வந்தது. பீட்டரிடம் சொன்னேன். நோவுக்கு மாத்திரை போட்டுவிட்டுத் தூங்கிக் கனவு கண்டிருப்பாய் என்று சிரிக்கிறார். நான் தூங்கவில்லை.

நீங்கள் ரெலிவிஷன் ஸ்ரேஷனில் படம் வெட்டுகிற இடத்தில் இருக்கிறீர்கள். இந்தப் படம் உங்கள் கைக்கு வருமா? அந்த மனிதர் என்ன சொன்னார் என்று கேட்டுச் சொல்வீர்களா? அது தெரியாவிட்டால் இந்தக் கட்டு கழற்றுவதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கமலினி


ஹோம்புஷ், சிட்னி
26 மே 1975

கமலினிக்கு,

கடிதம் கிடைத்தது. முறிந்த காலைத் தொங்கப்போட்டு இருக்க வேண்டாம். முக்காலியில் ஏற்றி வை. நேர்சுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மெல்பேர்ண் பத்திரிகையின் நிகழ்ச்சி நிரலைத் தேடிப் பார்த்தேன். நீ பார்த்த படத்தின் பெயர் ‘லாண்டர்ன் ஸ்டெயர்ஸ்’. 1948இல் எடுத்து 49இல் வெளிவந்தது. பெரிய கம்பனி இல்லை, பெரிய நடிகர்கள் இல்லை. நான் கொழும்பில் படித்த காலத்தில் பார்த்த நினைவும் இல்லை.

அந்தக் காலத்து இங்கிலிஷ் படங்களில் கறுத்த மனிதர் யாராவது தேவைப்பட்டால் அகப்பட்டவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் வங்காளியாகவோ அரபியாகவோ இருக்கலாம். தனியாக இருந்துகொண்டு வேறு பாஷையைக் கேட்டால் சொந்தப் பாஷை போலத் தோன்றும். எனக்கும் இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் ரெயினில் அப்படி நடந்திருக்கிறது. கிரேக்கர் இரண்டு பேர் பேசியதைத் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் அந்தப் படத்தின் பிரதி மெல்பேர்ணிலிருந்து எங்களுக்குத்தான் வருகிறது. ஜூலையில் போடுவார்கள். வந்தால் பார்க்கலாம்.

அண்ணி சுகம் விசாரித்தாள்.

அரியரத்தினம்


ரோவில்
2 ஜூன் 1975

அன்புள்ள அண்ணா,

நீங்கள் பதில் போட்டதே பெரிய விஷயம். அந்தச் சந்தோஷத்தில் உங்கள் கிரேக்கரை மன்னிக்கிறேன்.

“தாழேல்லை” என்று எந்த வங்காளி சொல்லுவான்? எந்த அரபி சொல்லுவான்? இந்தியத் தமிழர்கூட அப்படிச் சொல்லமாட்டார்கள். பீட்டரிடம் சொல்லிக் காட்டினேன். மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்த மனிதர், “தாழேல்லைன்னா என்ன?” என்று என்னிடமே கேட்கிறார். தாண்டது என்றால் மூழ்கியது, தாழேல்லை என்றால் மூழ்கவில்லை என்று அர்த்தம் சொன்னேன். அதன்பிறகுதான் அவருடைய சிரிப்பு நின்றது.

அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் நடிக்கிறார்கள். விடுதிக்கார மனிசி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கண்ணை உருட்டுகிறா. இன்ஸ்பெக்டர் சிகரெட்டைத் தட்டுகிறார். இந்த மனிதர் மட்டும் நடிக்கவில்லை. இன்ஸ்பெக்டரையே பார்க்கவில்லை. நேரே எங்களைப் பார்த்துச் சொல்கிறார். படத்தில் அப்படி ஒருவரும் பார்க்கக்கூடாது என்று நீங்கள்தான் சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். அவர் சொல்லி முடித்ததும் இன்ஸ்பெக்டர் “என்ன சொல்கிறான்?” என்று கேட்க, அந்த மனிசி, “ஒன்றையும் காணவில்லையாம்” என்கிறா. அவர் சொன்னது அதுவல்ல, அண்ணா. அது எனக்கு நிச்சயம்.

அந்தப் பெயர் செல்வராணி அல்லது செல்வமணி. அதில்தான் சந்தேகம்.

ஜூலை வரை காத்திருக்காதீர்கள். பெட்டி வந்த அன்றே திறந்து பாருங்கள்.

கமலினி


ஹோம்புஷ்
23 ஜூன் 1975

கமலினி,

நீ சொன்னது சரி. நான் சொன்னது பிழை.

பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்றரை மணித்தியாலப் படத்தில் விளம்பரத்துக்கு இடம் விடுவதற்காகக் கொஞ்சம் வெட்ட வேண்டும். என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெடியன் வெட்டுவதற்கென்று மஞ்சள் பென்சிலால் குறித்து வைத்திருந்த முதல் இடமே அந்தக் குசினிக் காட்சிதான். கதைக்குத் தேவையில்லையாம். நான் அதை மேசையில் ஓட்டிப் பார்த்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் ஓட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“செல்வராணிக்குச் சொல்லுங்கோ. பருத்தித்துறைச் செல்வராணிக்கு. கப்பல்தான் தாண்டது, நான் தாழேல்லை. வரதராஜா உயிரோடை இருக்கிறன். கேட்டவை ஆரெண்டாலும் அவவிட்டைப் போய்ச் சொல்லுங்கோ.”

நீ சொன்னதுபோல நேரே பார்த்துத்தான் சொல்கிறார். கையில் பாதி சீவிய உருளைக்கிழங்கு. கடைசி வசனத்தில் குரல் கொஞ்சம் அடைக்கிறது. பின்னால் அந்த மனிசி ஒன்றையும் காணவில்லையாம் என்று சொல்லும்போது அவர் மறுபடி குனிந்து கிழங்கைச் சீவுகிறார்.

படத்தில் உள்ள கொலையை யார் செய்தது என்று இப்போது எனக்குக் கவலையில்லை. என் மண்டைக்குள் ஓடுவது வேறு. சண்டைக் காலத்தில் ஏதோ ஒரு கப்பல் மூழ்கியிருக்கிறது. இந்த மனிதர் செத்துப்போனார் என்று ஊரில் முடிவு கட்டியிருக்கிறார்கள். அவர் லண்டனில் உயிரோடு இருந்திருக்கிறார். இதுவரை சரி. ஆனால் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்வதற்கு முத்திரை ஒட்டிய ஒரு கடிதம் போதும். ஒரு மனிதன் ஏன் அதை ஒரு சினிமாப் படத்தில் சொல்ல வேண்டும்? யாரோ எங்கேயோ கேட்பார்கள் என்று எப்படி நம்பினார்?

என்னோடு படித்த மகாதேவன் இப்போது பருத்தித்துறையில் பள்ளிக்கூட மாஸ்ரர். அவனுக்கு எழுதிவிட்டேன். படக் கம்பனியின் லண்டன் விலாசத்துக்கும் எழுதியிருக்கிறேன். கம்பனி இன்னும் இருக்கிறதோ தெரியாது.

காலைக் கவனி.

அண்ணா


ரோவில்
1 ஜூலை 1975

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. முன்பின் தெரியாத மனிதர்.

உங்கள் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் தோன்றுகிறது. கடிதம் ஒருவர் கையில் போய்ச் சேரும். அந்த ஒருவர் நினைத்தால் அதைச் செல்வராணிக்குக் கொடுக்காமல் விடலாம். தியேட்டரில் சொன்னால் இருநூறு பேர் ஒரே நேரத்தில் கேட்பார்கள். இருநூறு பேருடைய வாயை யாரால் மூட முடியும்? அவர் முதலில் எழுதிப் பார்த்திருப்பார், அண்ணா. பதில் வந்திராது. பிறகுதான் இது.

நான் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னர் என் கலியாணக் கார்ட் உங்கள் வீட்டுக்கு வந்ததா? நீங்கள் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்கவில்லை. வந்து சேர்ந்ததா என்று மட்டும்தான் கேட்கிறேன்.

கமலினி


ஹோம்புஷ்
20 ஆகஸ்ட் 1975

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் உன் கேள்வி. கார்ட் வந்தது. அண்ணி புஷ்பவல்லி அதை ஷோகேஸில் வைத்தாள். நான் எடுத்து என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். எறியவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை.

இனி மற்றது. மகாதேவனிடமிருந்து பதில் வந்திருக்கிறது. ஆறுதலாக இருந்து வாசி.

செல்வராணி இருக்கிறா. ஐம்பது வயது கடந்திருக்கும். கடற்கரைப் பக்கத்தில் அவவின் செத்துப்போன தமையனுடைய வீட்டில் ஒரு அறையில் இருந்துகொண்டு தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறா. வரதராஜா அவவின் புருஷன். கலியாணம் முடித்துச் சில மாதத்தில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் ஒன்றில் சமையற்காரனாகப் போனவர். 42ஆம் ஆண்டு கப்பல் மூழ்கியது, ஒருவரும் தப்பவில்லை என்று அறிவித்தல் வந்தது. இருபத்திரண்டு வயதில் பொட்டை அழித்து வெள்ளைச் சேலை கட்டிவிட்டார்கள்.

இப்போது கேள். 1950இல் கொழும்பில் கிளாக்கராக இருந்த பருத்தித்துறை ஆள் ஒருவர் லீவில் ஊருக்கு வந்து, “கொழும்பிலை ஒரு இங்கிலிஷ் படம் பார்த்தனான், அதிலை உங்கடை மனுசன் உங்களுக்குச் சொல்லச் சொன்னவர்” என்று செல்வராணியின் வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். தமையன் அவரைக் குடிகாரன் என்று துரத்திவிட்டார். இருந்தும் சனம் கதைக்கத் தொடங்கியதால் தானே கொழும்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். அதற்கிடையில் படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்பிவந்து, எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டார்.

தமையன் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செல்வராணி உள்ளே போய், குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்தாவாம். தமையன் அடித்தும் பார்த்தார். அழிக்கவில்லை. இருபத்தைந்து வருடமாகப் பொட்டோடுதான் இருக்கிறா. ஒருவரும் அவவை நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதில்லை. மூளை பிசகினது என்று பேசிக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகள் அவவுக்கு வைத்திருக்கிற பெயர் ‘படம் பார்த்த மாமி’. அவ ஒரு படமும் பார்த்ததில்லை.

மகாதேவனும் இவ்வளவு காலமாக அப்படித்தான் நினைத்திருந்தானாம். என் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒழுங்காக நடத்த முடியவில்லை என்று எழுதுகிறான். இன்னும் அவவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்வது என்று எங்களைக் கேட்கிறான்.

படம் இங்கே போன மாதம் போட்டாயிற்று. குசினிக் காட்சியை வெட்டவில்லை. கார் துரத்துகிற காட்சியை வெட்டினேன். மேலாளர் காரணம் கேட்டார். சமையற்காரன் முக்கியமான சாட்சி என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் அவனிடம் ஒன்றுமே கண்டுபிடிக்கவில்லையே என்றார். அது இன்ஸ்பெக்டருடைய பிழை என்றேன்.

அந்தக் குரலை ரேப்பில் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் ஒரே இரைச்சல். பீட்டர் ரேடியோ திருத்துகிற வேலை என்று நீ முன்னர் சொன்ன நினைவு.

அண்ணா


ரோவில்
28 ஆகஸ்ட் 1975

அன்புள்ள அண்ணா,

கார்ட்டைப் பற்றி இனிக் கேட்கமாட்டேன். எறியவில்லை என்றது எனக்குப் போதும்.

கடிதத்தைப் பீட்டருக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும், “கமலி, அந்த இரைச்சலை நான் எடுத்துடுவேன், உடனே அனுப்பச் சொல்லு” என்று எழும்பிவிட்டார். நீங்கள் கேட்காமல் கேட்டது அவருக்கு விளங்கிவிட்டது. ரேப்பை அனுப்புங்கள். கசெட்டில் பதித்துத் தருகிறாராம். இன்றைக்குக் காலையிலிருந்து கராஜில் மேசையை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தக் கடிதம் போவதற்கு முன்னமே தபால்காரனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படத்திலிருந்து அவருடைய முகத்தை ஒரு ஃபோட்டோவாக எடுக்க முடியுமா? கலியாணத்தில் ஃபோட்டோ எடுத்திருப்பார்களோ தெரியாது. 42ஆம் ஆண்டு, பருத்தித்துறை, கடற்கரை வீடு. எடுத்திருக்கமாட்டார்கள்.

அந்தப் பெண் பிசகினவளில்லை, அண்ணா. ஊர் முழுவதும் பிசகி நிற்க, அவ ஒருத்திதான் சரியாக இருந்திருக்கிறா. இதை அவவிடம் போய்ச் சொல்ல வேண்டும். எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக.

வரதராஜா இப்போதும் எங்கேயோ லண்டனில் இருந்தால்? அறுபது வயதுதானே வரும். இதை நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டு அவிழ்த்துவிட்டார்கள். வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறேன்.

கமலினி


ஹோம்புஷ்
30 செப்டெம்பர் 1975

அன்புள்ள தங்கச்சிக்கு,

பீட்டர் அனுப்பிய கசெட் வந்தது. பக்கத்தில் நின்று பேசுவதுபோல இருக்கிறது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. நல்ல வேலைக்காரர் என்று அவரிடம் சொல். ஃபோட்டோவும் எடுத்துவிட்டேன்.

ஆனால் இரண்டையும் நான் அனுப்பவில்லை. லண்டனிலிருந்து பதில் வந்துவிட்டது.

கம்பனி எப்போதோ மூடிவிட்டது. யாரோ ஒரு நல்ல மனிதர் என் கடிதத்தை, அந்தப் படத்தில் உதவி டைரக்டராக இருந்த பிரிட்சார்ட் என்பவருக்கு அனுப்பியிருக்கிறார். இப்போது ரிட்டயர் ஆகிக் கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கிறார். அவருக்கு வரதராஜாவை நன்றாக நினைவிருக்கிறது. அது செட் இல்லை, உண்மையான கப்பற்காரர் விடுதி. அவர் அங்கே உண்மையான சமையற்காரர். நடிக்க வேண்டியவன் வரவில்லை. நீ உன் பாஷையில் எதையாவது சொல்லு என்று இவரை நிறுத்தினார்களாம். எதைச் சொல்வது என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லையாம்.

கப்பலை மூழ்கடித்த ஜெர்மன்காரர் இவரைத் தூக்கி எடுத்துச் சண்டை முடியும்வரை முகாமில் வைத்திருந்திருக்கிறார்கள். வெளியே வந்தபோது நெஞ்சு சரியில்லை என்று எந்தக் கப்பலிலும் ஏற்றவில்லையாம்; பலமுறை ஊருக்கு எழுதியிருக்கிறார். பதில் இல்லை. “மச்சான் கையில் போகிறது” என்று பிரிட்சார்ட்டிடம் சொன்னாராம். நீ நினைத்தது சரி. படம் எடுத்து முடிந்தபிறகும் ஸ்ரூடியோ வாசலுக்கு வந்து, இது இலங்கைக்கு எப்போது போகும் என்று கேட்டுக்கொண்டு நிற்பாராம். வரும் ஒவ்வொரு முறையும் இருமல் கூடியிருந்ததாம். பிறகு அவரை நெஞ்சு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரிட்சார்ட் ஒருமுறை தோடம்பழம் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறார். 49ஆம் ஆண்டு மார்ச்சில் காலமாகிவிட்டார். படம் மே மாதம்தான் வெளிவந்தது.

அந்தக் கிளாக்கர் கொழும்பில் அவர் குரலைக் கேட்ட நேரம் அவர் இல்லை, கமலினி. செல்வராணி பொட்டு வைத்த அன்று அவர் செத்து ஒரு வருடம்.

இனி அந்த மனிசியிடம் போய் என்னத்தைச் சொல்வது? உன் புருஷன் உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னது உண்மை, ஆனால் நீ அதைக் கேட்ட அன்று அது உண்மையில்லை என்றா? அந்த ஒரு பொட்டுக்காக ஊரையே எதிர்த்து நின்றவ. அதை நாங்கள் ஏன் அழிக்க வேண்டும்? மகாதேவனுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று எழுதப்போகிறேன். கசெட் என் லாச்சியில் இருக்கட்டும். அவ நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணா


ரோவில்
6 ஒக்டோபர் 1975

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை நேற்று வாசித்தேன். கோபத்தில் எழுதக்கூடாது என்று ஒரு நாள் விட்டு எழுதுகிறேன். கோபம் போகவில்லை.

கிள்ளானில் பீட்டரின் பெரியம்மா ஒருத்தி இருந்தாவாம். ஜப்பான்காரர் சயாம் ரெயில் பாதைக்கென்று பிடித்துக்கொண்டுபோன மகனுக்காகச் சாகும்வரை ஒரு கோப்பைச் சோறு எடுத்து வைப்பாவாம். அவன் செத்தது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவவிடம் ஒருவரும் சொல்லவில்லை. பாவம் என்று சொல்லவில்லை. “சொல்லியிருக்கணும்” என்று பீட்டர் சொல்கிறார். “அவங்களுக்கு அழறதுக்குக்கூட யாரும் இடம் குடுக்கல.”

செல்வராணிக்கு எது நல்லது என்று ஒரு அண்ணன் முடிவெடுத்தது போதும். அவரும் நல்லதை நினைத்துத்தான் செய்திருப்பார். இளம் பெண், மறுபடி கலியாணம் செய்துவைக்கலாம் என்று நினைத்திருப்பார். அவவுக்கு வந்த செய்தியை அவர் வைத்துக்கொண்டார். இப்போது நீங்கள் வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? லாச்சிக்குள் வைப்பதற்கு அது உங்களுக்கு வந்ததில்லை. எனக்கு வந்ததுமில்லை. யார் கேட்டாலும் அவவிடம் போய்ச் சொல்லுங்கோ என்றுதானே அந்த மனிதர் சொன்னார். கேட்டது நாங்கள்.

குரலையும் கொடுங்கள். மற்றதையும் சொல்லுங்கள். ஆனால் கடிதத்தில் வேண்டாம். மகாதேவன் மாஸ்ரர் தன் மனைவியோடு போய்ப் பக்கத்தில் இருந்து சொல்லட்டும்.

என்னைப் பற்றியும், பீட்டர் எனக்குச் சரிவராது என்று நீங்கள் ஒரு முடிவு எடுத்தீர்கள். அதில் பிழை விட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. என்னைக் கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

கமலினி


ஹோம்புஷ்
4 டிசெம்பர் 1975

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்துக்கு நான் உடனே பதில் போடவில்லை. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். பிறகு கசெட்டையும் ஃபோட்டோவையும் பொதி பண்ணி, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அதுதான் என் பதில் என்று வைத்துக்கொள். இன்று மகாதேவன் எழுதியது வந்தது.

அவனும் மனைவியும் அவவைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவரும் கூப்பிடாதவ. என்ன தையல் வேலையோ என்று அளவுநாடாவும் கொண்டு வந்தாவாம். முதலில் ஃபோட்டோவைக் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது அவர் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டா. மகாதேவனுக்குப் பயம் பிடித்துவிட்டதாம், நாங்கள் எல்லாருமே பிழை விட்டுவிட்டோமோ என்று. பிறகு கசெட்டைப் போட்டான்.

முதல் சொல் வந்ததும் அவ நிலத்தில் இருந்துவிட்டா. முழுக்கக் கேட்டா. இன்னொருதரம் போடச் சொன்னா. பிறகு ஃபோட்டோவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாவாம்: “நல்லாய் மெலிஞ்சு போனார். நெஞ்சிலை சளி கட்டியிருக்குது. ஆர் அவரை வைச்சுப் பாத்தது?”

அதுதான் வாய்ப்பு என்று மகாதேவனின் மனைவி அவவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னா. முகாம், வருத்தம், ஆஸ்பத்திரி, தோடம்பழம் கொண்டுபோன வெள்ளைக்காரன், மார்ச் மாதம். அவ அழவில்லையாம். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னதை மகாதேவன் அப்படியே எழுதியிருக்கிறான்.

“எனக்குத் தெரியும், மாஸ்ரர். உயிரோடை இருந்திருந்தா அவர் எப்பாடு பட்டெண்டாலும் வந்திருப்பார். ரெண்டு வருசம் பாத்தன், மூண்டு வருசம் பாத்தன். வரேல்லை எண்டதிலையே விளங்கீட்டுது.”

பிறகேன் இவ்வளவு காலமும் இந்தப் பொட்டு என்று மகாதேவனின் மனைவி கேட்டிருக்கிறா.

“அவர் எனக்குச் சொல்லி அனுப்பினவர். அத்தனை சனத்துக்கு முன்னாலை என்ரை பேரைச் சொன்னவர். அதை ஒருத்தரும் நம்பேல்லை. நானும் அழிச்சால் அவர் சொன்னது இல்லையெண்டு போயிடாதோ?”

இதை வாசித்தபிறகு நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். லாச்சிக்குள் வைத்து எதைக் காப்பாற்றப் பார்த்தேன் என்று யோசித்தேன். அவவுக்கு என் பாதுகாப்புத் தேவையாக இருக்கவில்லை, கமலினி. உனக்கும் இருந்திருக்காது.

கசெட்டை அவவே கொண்டுபோய்விட்டா. அவவிடம் போட்டுக் கேட்க மெஷின் இல்லை. கேட்க வேண்டும்போலிருந்தால் வருகிறேன் என்று சொன்னாவாம். வந்தது அவ மட்டுமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்துச் சனமும் மகாதேவன் வீட்டு முற்றத்தில் வந்து நின்றிருக்கிறது. அந்தக் கிளாக்கரும் வந்தார், கிழவனாகிவிட்டார். ஒரு தரம் போட்டான். கிளாக்கர், “இதைத்தானே அண்டைக்குச் சொன்னனான்” என்றாராம்.

அடுத்த கிழமை செல்வராணி கீரிமலைக்குப் போய் வரதராஜாவுக்கு அந்தியேட்டி செய்வித்தா. மகாதேவனும் மனைவியும் கூடப் போனார்கள். பிண்டத்தைக் கடலில் விட்டுவிட்டுக் குளித்து ஏறிய இடத்தில், ஐயர் முதல் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, ஈரத் தலையோடு குங்குமச் சிமிழைத் திறந்து பொட்டை வைத்தாவாம். அது முறையில்லை என்று சொல்ல ஐயர் வாயெடுத்திருக்கிறார். பிறகு சொல்லவில்லை.

நானும் அண்ணியும் இருபத்திரண்டாம் திகதி இரவு ரெயினில் வெளிக்கிடுகிறோம். காலையில் மெல்பேர்ண் ஸ்பென்சர் ஸ்ரீற் ஸ்ரேஷனில் இறங்குவோம். எங்களைக் கூட்டிக்கொண்டு போக வர முடியுமா என்று பீட்டரிடம் நீ கேட்க வேண்டாம். அவருக்கு நானே தனியாக எழுதியிருக்கிறேன்.

அன்புடன்
அண்ணா